ஜன்னியில் பேசியது யார்?

எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். முதலாவது ஆன்மிக வாசல். மகாலிங்கத்தின் காதுகளில் ஓயாமல் கேட்கும் குரல்கள் தாமச சக்திகள், அவன் முருக பக்தன், நடப்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான சண்டை. இரண்டாவது உளவியல் வாசல். குரல்கள் என்பவை அடக்கி வைத்த காமம், வறுமை கொடுத்த குற்றவுணர்ச்சி, எழுதுகிறவனின் உடைந்த அகம். 1992இல் வந்து, 1993க்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்ற நாவல். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு வாசலிலும் ஆள் நடமாட்டம் குறையவில்லை.

இரண்டுக்கும் நடுவே பெரிய பகை இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அடிப்படையில் இரண்டும் ஒரே விஷயத்தை நம்புகின்றன. குரல் ஏதோ சொல்கிறது, அதற்கு ஓர் அர்த்தம் உண்டு, கேட்கத் தெரிந்தவனுக்கு அது பிடிபடும். பக்தன் அதில் தெய்வத்தின் சோதனையைக் கேட்கிறான். பிராய்டைப் படித்தவன் அதில் ஆழ்மனத்தின் வாக்குமூலத்தைக் கேட்கிறான். கேட்பவர் மாறுகிறார், கேட்கும் முறை மாறவில்லை.

குரலுக்கு ஒன்றுமே சொல்வதற்கில்லை என்றால்? கை விரல் மூட்டு வீங்கிய அதே காரணத்தால், அதே வாரத்தில், மூளையும் வீங்கிக் குரல் கேட்டது என்றால்? அப்போது ‘காதுகள்’ போன்ற ஒரு நாவலை எப்படி வாசிப்பது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து, நிலக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்ட என் பெரியம்மா மகளிடமிருந்து வந்தது. அவளை இங்கே அக்கா என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கு முன் சினிமாவையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாவல் படிக்காத வீடுகளுக்கும் அந்த இரண்டு வாசல்களைத் திறந்துவிட்டது சினிமாதான். ‘சந்திரமுகி’ 2005இல் வந்தபோது பெரிய முற்போக்குப் படம் என்று நம்மில் பலர் நினைத்தோம். பேய் ஓட்டுகிறவரை ஓரமாக நிறுத்திவிட்டு மனநல மருத்துவரை நடுவில் கொண்டுவந்து வைத்த படம். அதன் மூலமான மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ 1993இல் வந்தது. இதிலும் ஒரு தற்செயல் பாருங்கள், ‘காதுகள்’ விருது பெற்ற அதே வருடம். ஆனால் அந்த மருத்துவர் செய்கிற வேலை என்ன? பேயோட்டி கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: யார் நீ, உனக்கு என்ன வேண்டும்? கங்காவுக்குள் இருப்பவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அது தீர்ந்தால் நோய் தீர்கிறது. கதை சொல்ல இது எவ்வளவு வசதி! ரத்தப் பரிசோதனை எடுத்து, ஊசி போட்டு, மூன்றாவது வாரம் கங்கா எழுந்து உட்கார்ந்து ‘காபி இருக்கா’ என்று கேட்டிருந்தால் படம் ஓடியிருக்காது.

அக்காவுக்கு நடந்தது கிட்டத்தட்ட அந்த ஓடாத படம்.

முதலில் விரல் மூட்டு வலி. மில்லில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவளுக்கு மூட்டு வலி என்றால் யார் கவனிப்பார்கள்? பிறகு கன்னத்தில் கருப்பு. மங்கு விழுந்திருக்கு என்றார்கள், மஞ்சள் பூசச் சொன்னார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். எலும்பு டாக்டர் ஒருவர், தோல் டாக்டர் ஒருவர், காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக் என்று ஆளுக்கொரு துண்டாக அவளைப் பார்த்தார்கள். அந்தத் துண்டுகளை ஒரே மேஜையில் சேர்த்துப் பார்க்க இரண்டரை வருடமானது. அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நோயின் பெயர் லூபஸ். முழுப்பெயர் சிஸ்டமிக் லூபஸ் எரித்தமடோசஸ், சுருக்கி எஸ்.எல்.இ. லத்தீனில் லூபஸ் என்றால் ஓநாய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புரதங்கள் உடம்பின் சொந்த உயிரணுக்களின் கருவையே எதிரி என்று எண்ணித் தாக்குகிற நோய். இது வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். கன்னத்தில் பட்டாம்பூச்சி வடிவில் சிவப்பு என்று பாடப்புத்தகத்தில் படம் இருக்கும். அது வெள்ளைத் தோலின் படம். நம் தோலில் அது பெரும்பாலும் சிவப்பாகத் தெரிவதில்லை, கருமையாக, மங்கு மாதிரிதான் தெரியும். வெயில் பட்டால் நோய் கிளம்பும். திண்டுக்கல் சமவெளியில் வெயில் படாமல் இருப்பதென்றால் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டும்.

இந்த நோய் எங்கே வேண்டுமானாலும் போகும். சிறுநீரகம், நுரையீரல் உறை, இதய உறை, ரத்தம். சிலருக்கு மூளை. 1999இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் லூபஸால் நரம்பு மண்டலத்தில் வரக்கூடியவை என்று 19 நிலைகளைப் பட்டியல் போட்டது. வலிப்பு, பக்கவாதம், தலைவலி, ஞாபகக் குறைவு, மனச்சோர்வு, சித்தப்பிரமை எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலை முதல் தடவை படித்தபோது எனக்கு மருத்துவமாகத் தெரியவில்லை, தமிழ்ச் சிறுகதைகளின் கருப்பொருள் பட்டியல் மாதிரித் தெரிந்தது. இன்னொரு சங்கடம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் பல சமயம் படம் சுத்தமாக இருக்கும். மூளை பிழையாக இயங்கும், ஆனால் பிழை எங்கே என்று படத்தில் காட்டாது. படத்தில் ஒன்றுமில்லை என்று மருத்துவமனை சொன்னதும் வீட்டில் அடுத்த முடிவு எடுத்துவிடுவார்கள். மனசு சரியில்லை, அல்லது யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்.

அக்கா சொன்னவை சாதாரணமானவை இல்லை. சோற்றில் மாமியார் மருந்து கலக்கிறாள் என்றாள். சின்னது என் பிள்ளை இல்லை, மாத்திவிட்டார்கள் என்றாள். ராத்திரி மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு பூ மார்க்கெட் பக்கம் நடந்துபோனாள். தலைக்குள் தறி ஓடுகிறது என்றாள். ஒரு கோயில், ஒரு தர்கா, ஒரு சர்ச் என்று மூன்று மதமும் பார்த்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை சங்கிலியில் கட்டப்பட்ட 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பலர் அன்பினால்தான் விட்டார்கள். அந்த 28 பேரில் யாருக்கு எந்த நோய் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

கடைசியில் சிறுநீரில் புரதம் போவதைப் பார்த்த ஒரு பயிற்சி மருத்துவர்தான் முதலில் லூபஸ் என்று சந்தேகப்பட்டார். மூன்று நாள் ஸ்டீராய்டு நரம்பு வழியாக, பிறகு மாதாமாதம் மருந்து ஏற்றினார்கள். ஐந்தாறு வாரத்தில் அக்கா திரும்பி வந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நியாயமாக இங்கே ஊரே மூச்சு விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. உண்மையான சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. “வாயில வந்துச்சுல்ல? மனசுல இல்லாமயா வரும்?” என்று மாமியார் கேட்டார். அவர் கொடுமைக்காரி இல்லை, அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததே அவர்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தை அவரால் இறக்கி வைக்க முடியவில்லை. நான் மருந்து வைப்பேன் என்று இவள் உள்ளுக்குள் எப்போதோ நினைத்திருக்கிறாள், நோய் வந்தபோது அது வெளியே வந்துவிட்டது. படிக்காத ஒரு அம்மாவின் இந்த வாதத்தையும் ‘காதுகள்’ பற்றி எழுதப்படும் உளவியல் விமர்சனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வாதம். பிறழ்ந்த நேரத்தில் வருவதே நிஜமான பேச்சு, தெளிந்த நேரத்தில் பேசுவது மூடி. இலக்கியத்தில் இது ஆழம் என்று பாராட்டப்படுகிறது. நிலக்கோட்டையில் ஒரு சமையலறையில் இது ஒரு பெண்ணின் மேல் ஆயுளுக்கும் போட்ட வழக்கு.

இனி ‘காதுகள்’ பக்கம் திரும்பலாம். வெங்கட்ராமுக்கு என்ன நோய் என்று நான் கண்டுபிடிக்கப் போவதில்லை. தன் அனுபவத்திலிருந்தே அவர் எழுதினார் என்பது தெரிந்ததுதான், ஆனால் இறந்த எழுத்தாளர்களுக்கு மருந்துச்சீட்டு எழுதுகிற பழக்கம் விமர்சனத்தில் மிகச் சோம்பேறித்தனமான ஒன்று. பீத்தோவனுக்கு, வான்கோவுக்கு, பாரதிக்கு என்று வாட்ஸப்பில் தினமும் ஒருவர் நோய் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். என் கேள்வி வேறு: குரலுக்கு அர்த்தம் இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைக் கழற்றிவிட்டுப் படித்தால் நாவலில் எது மேலே வருகிறது?

இரைச்சல் மேலே வருகிறது. அதுதான் இந்த நாவலின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். உலக இலக்கியத்தில் குரல் கேட்கும் பாத்திரங்கள் பெரும்பாலும் ஞானக் குரலைக் கேட்பார்கள், அல்லது குறைந்தது கவித்துவமான குரலை. மகாலிங்கத்துக்குக் கேட்பது மட்டமான பேச்சு. ஆபாசம், அதட்டல், கேலி, ஒருவரை ஒருவர் மறித்துப் பேசும் கூச்சல், நாடகக் கொட்டகையில் பின்வரிசையில் உட்கார்ந்த மாதிரி. பல பக்கங்கள் சலிப்பூட்டும். அந்தச் சலிப்பை நாவலின் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை நேர்மை என்பேன். இருபத்துநாலு மணி நேரமும் காதில் விழும் ஒன்று சுவாரசியமாக இருக்க முடியாது. தலைப்பையும் கவனியுங்கள். மனம் என்றோ குரல்கள் என்றோ வைக்கவில்லை, ‘காதுகள்’ என்று ஓர் உறுப்பின் பெயரை வைத்தார். ஓசை எங்கிருந்து வருகிறது என்ற தத்துவக் கேள்விக்கு முன்பே, ஓசை வந்து விழும் இடத்தில், தோலும் குருத்தெலும்புமாக இருக்கிற இடத்தில் நாவலை நட்டுவிட்டார்.

குறை எங்கே என்றால், அந்த இரைச்சலுக்கு அவர் விலாசம் கொடுக்கும் இடங்களில். குரல் தன்னைக் காளி என்று சொல்லிக்கொள்வதும், தாமசம் சாத்வீகம் என்று அணி பிரிவதும் மகாலிங்கத்துக்கு வேண்டியிருக்கிறது; அது இல்லாமல் அவனால் ஒரு நாளைக் கடக்க முடியாது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நாவலே அந்த விலாசத்தை நம்பத் தொடங்கும்போது, இரைச்சல் வசனமாகிவிடுகிறது. வசனம் வந்ததும் நமக்கு நிம்மதி. ஓ, இது ஒரு போராட்டம், நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே என்று புத்தகத்தைப் புரிந்துகொண்டுவிடுகிறோம். அந்தப் புரிதலுக்கு முன்னால் இருந்த பக்கங்கள்தான் பெரியவை.

சூசன் சொன்டாக் 1978இல் ‘இல்னஸ் ஆஸ் மெட்டபர்’ எழுதியபோது, நோயை உருவகமாக்காதீர்கள், நோயை நோயாகப் பாருங்கள் என்றார். காசநோயையும் புற்றுநோயையும் வைத்துப் பேசினார். அங்கே அது சாத்தியம், ஏனென்றால் நுரையீரல் உருவகம் உண்டாக்குவதில்லை, நாம்தான் அதன்மேல் போடுகிறோம். மூளை வீங்கும்போது நிலைமை தலைகீழ். உருவகத்தை உற்பத்தி செய்வதே நோய்தான். தலைக்குள் தறி ஓடுகிறது என்று அக்கா சொன்னது உவமை இல்லை, அவளுக்கு ஓடியது. சொன்டாக்கின் கோரிக்கையை அவளால் எப்படி நிறைவேற்ற முடியும்?

இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. லூபஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டே சித்தப்பிரமையைக் கொண்டுவரலாம். பாஸ்டனில் செய்த ஒரு பழைய ஆய்வு, 1972இல் வந்தது, இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாளுக்கு 40 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ பிரட்னிசோன் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநிலைக் கோளாறு வந்தது, 80க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம். அதனால் ஒரு நாள் காலையில் நோயாளி திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் மருத்துவருக்கு முன் இரண்டு வழி. நோய் மூளைக்குப் போய்விட்டது, ஸ்டீராய்டைக் கூட்டு. அல்லது ஸ்டீராய்டுதான் இதைச் செய்கிறது, குறை. இரண்டும் எதிரெதிர். ரத்தத்தில் சி3, சி4 பார்ப்பார்கள், முதுகில் நீர் எடுப்பார்கள், மருந்து தொடங்கி எத்தனை நாள் என்று கணக்குப் போடுவார்கள், அப்படியும் சில சமயம் ஊகம்தான். நம்பகமற்ற கதைசொல்லி என்று நாம் கருத்தரங்கில் பேசுகிறோமே, இங்கே கதைசொல்லியை நம்பகமற்றவளாக்கியது நோயா மருந்தா என்பதே தெரியாது. எந்த நவீனத்துவ நாவலும் இந்த அளவுக்குப் போகவில்லை என்று தோன்றும் எனக்கு.

ஆங்கிலத்தில் இந்த விஷயத்துக்கு மிகப் பிரபலமான புத்தகம் சூசன்னா கஹாலனின் ‘பிரெயின் ஆன் ஃபயர்’. 2012இல் வந்தது, நெட்ஃபிளிக்ஸில் படமாகவும் பலர் பார்த்திருப்பீர்கள். 2009இல் நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று சந்தேகங்கள், வலிப்பு, பிதற்றல். சூஹெல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொல்கிறார். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே அடைத்து வைக்கிறார் அவர். மூளையின் ஒரு பாதி வீங்கியிருக்கிறது என்று மருத்துவருக்குப் புரிகிறது. மூளையில் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்புரதம். லூபஸ் நோயாளிகள் சிலரின் எதிர்ப்புரதங்களும் அதே ஏற்பியின் இன்னொரு பகுதியில் போய் ஒட்டுகின்றன என்று 2001இலேயே ஓர் ஆய்வு காட்டியது, ஆகவே இரண்டும் தூரத்துச் சொந்தம்.

நல்ல புத்தகம்தான். தனக்கு ஞாபகமே இல்லாத ஒரு மாதத்தை, மருத்துவமனைப் பதிவுகளையும் அப்பாவின் நாட்குறிப்பையும் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் வைத்து நிருபர் மாதிரித் திரட்டுகிறார். அந்த இடங்கள் அபாரம். ஆனால் மொத்தத்தில் அது துப்பறியும் கதை. குற்றவாளி பிடிபடுகிறார், நாயகி வீடு திரும்புகிறார், புத்தகம் எழுதுகிறார். லூபஸில் குற்றவாளி முதல் பாதியிலேயே பிடிபட்டு, வீட்டிலேயே தங்கிவிடுகிறார். ‘ஹவுஸ்’ தொடரில் ‘லூபஸ் இல்லை’ என்று வாரா வாரம் சொல்லும் நகைச்சுவை மீம் ஆனது ஏன் என்று யோசித்தால், லூபஸ் என்றால் கதை முடியாது, அதனால் அது விடையாக இருக்கக் கூடாது.

முடியாத நோயை எழுதத் தெரிந்தவர் ஃபிளானரி ஓகானர். அவருக்கு லூபஸ். அவருடைய அப்பாவும் 1941இல் லூபஸில்தான் இறந்தார். ஓகானருக்கு நோய் வந்தபோது அம்மா அதை மறைத்து வாதம் என்றே சொல்லி வைத்திருந்தார். 1952இல் தோழி ஒருவர் உடைத்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நம்ம வீடுகள் மாதிரியே இல்லையா? ஜார்ஜியா மாநிலத்தில் மில்லெட்ஜ்வில் என்ற சின்ன ஊரில், மயில்களோடும் அம்மாவோடும் ஒரு பால்பண்ணையில் வாழ்ந்து, 1964இல் 39 வயதில் இறந்தார். அந்த ஊர் வெளியில் அறியப்பட்டதே மாநிலத்தின் பெரிய மனநோய் விடுதிக்காகத்தான். உடம்பு ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த ஊரில் உட்கார்ந்து எழுதியவர்.

1958இல் வந்த ‘தி எண்ட்யூரிங் சில்’ கதையில் ஆஸ்பரி என்ற இளைஞன், எழுத்தாளனாக ஆசைப்பட்டுத் தோற்றவன், நியூயார்க்கிலிருந்து அம்மா வீட்டுக்குச் சாக வருகிறான். அம்மாவைக் குத்துகிற மாதிரி ஒரு நீண்ட கடிதம் எழுதி வைத்திருக்கிறான், தான் செத்த பிறகு அவள் படிக்க வேண்டும் என்று. கலைஞனின் மரணம், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கொடுக்கப் போகிற மரணம். ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், சாவு இல்லை, மாட்டுக் காய்ச்சல். பண்ணையில் காய்ச்சாத பால் குடித்ததால் வந்தது. விட்டு விட்டு வரும், ஆளைக் கொல்லாது. ஆஸ்பரியின் மொத்தக் கதையையும் ஒரு பால் செம்பு கவிழ்த்துவிட்டது. சிரிப்பும் பயமும் ஒரே நேரத்தில் வரும் அந்த இடத்தில். லூபஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத, லூபஸ்காரி மட்டுமே எழுதக்கூடிய கதை.

தமிழில் இப்படி ஒன்று ஏன் வரவில்லை? வத்தலக்குண்டிலிருந்து ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா என்று நாவலுக்கும் சிறுகதைக்கும் விமர்சனத்துக்கும் முன்னோடிகளைக் கொடுத்த பூமி இது, அதனால் உரிமையோடு கேட்கலாம். சொல் இல்லை என்பது பதிலாகாது. நோவைச் சொல்லத் தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு என்று கடையே இருக்கிறது. அதிலும் உளைச்சல் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கை கால் உளையுது என்று அம்மாச்சி சொல்வார், மன உளைச்சல் என்று நாளிதழ் எழுதும். ஒரே வேர், உடம்புக்கும் மனசுக்கும். பித்தம் உடம்பில் ஓடுவது, அது தலைக்கு ஏறினால் பித்து. சித்த வைத்தியத்தின் விளக்கத்தை இன்றைய விஞ்ஞானமாக நான் விற்கவில்லை, வாதத்தில் எதிர்ப்புரதத்தைத் தேடவும் இல்லை. மொழி எதை அனுமதித்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பைத்தியம் உடம்பிலிருந்து கிளம்பலாம் என்பதற்கு ஓர் அலமாரி நம் பேச்சில் இருந்தது. நவீன இலக்கியம் ஐரோப்பாவிலிருந்து மனசை இறக்குமதி செய்தபோது அந்த அலமாரியைக் காலி பண்ணிவிட்டது. பேயை விரட்டிவிட்டு அந்த இடத்தில் ஆழ்மனத்தை உட்கார வைத்தோம். உடம்பு திண்ணையிலேயே இருந்துவிட்டது.

அந்த அலமாரியில் எனக்கு மிகப் பிடித்த சாமான் ஜன்னி. காய்ச்சல் முற்றிப் பிதற்றுவது. ஜன்னிக்கு ஒரு சட்டம் உண்டு: ஜன்னியில் பேசியதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அப்பாவைத் திட்டினாலும், வீட்டு ரகசியத்தை உடைத்தாலும், இல்லாத ஆளைக் கூப்பிட்டாலும், காய்ச்சல் இறங்கியதும் அழிந்துவிடும். தொண்ணூறு வயதை நெருங்கும் எங்கள் அம்மாச்சிதான் அக்கா வீட்டுக்குப் போய் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். எம்.ஆர்.ஐ. தெரியாது, லூபஸ் என்ற சொல் வாயில் நுழையாது. மாமியாரை உட்கார வைத்துச் சொன்னார்: “அது ஜன்னியில பேசுனதுத்தா. ஜன்னிக்கு மனசு ஏது? ஒம் மகனுக்கு மஞ்சக்காமாலை கண்டப்ப அவென் ஒன்னிய யாருன்னு கேட்டான்ல, அத நெனப்புல வச்சா சோறு போட்ட?”

மாமியார் முழுசாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு குறைந்தது.

இப்போது அக்கா வைசோலோன் 5 மில்லிகிராமில் இருக்கிறாள், கூடவே எச்.சி.க்யூ. கொரோனாவுக்கு அது அருமருந்து என்று 2020இல் ஒரு வதந்தி கிளம்பி, திண்டுக்கல்லில் ஒரு கடையிலும் கிடைக்காமல் மதுரைக்கு ஆள் விட்ட கதையெல்லாம் தனி. வெயிலுக்குக் குடை, முழுக்கைச் சட்டை. சில நாள் பெயர்கள் மறந்துபோகும், பால் அடுப்பில் இருப்பது மறந்துபோகும். நோய் போய்விட்டதா என்றால், “தூங்குது” என்பாள்.

போன மாசி மாதம் அவளுக்குக் ‘காதுகள்’ கொடுத்தேன். கொடுக்கலாமா என்று யோசித்துத்தான் கொடுத்தேன், அவள்தான் விடவில்லை. பாதி படித்திருந்தாள். எப்படி என்றேன்.

“நல்லாத்தான் எழுதிருக்காரு. ஆனா ரொம்ப ஒழுங்காப் பேசுதுக எல்லாம். எனக்கு அவ்வளவு வசனம் வரல. ஒரே வார்த்தைதான், நாள் பூரா.”

“என்ன வார்த்தை?”

“‘ஏந்திரி.’ அவ்வளவுதான். ஆம்பளக் குரல். ஏந்திரி, ஏந்திரி, ஏந்திரி.”

விமர்சகனுக்குக் கை பரபரக்கிற இடம் இது. மில் விடுதி, ஷிப்டு, விடிகாலை நாலு மணி, தூக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளைகளை எழுப்பும் அதிகாரத்தின் குரல், உழைப்புச் சுரண்டல் நரம்பில் பதிந்துபோனது. ஒரு கட்டுரையே எழுதலாம். மில்லில் அப்படித்தான் எழுப்புவார்களா என்று கேட்டேன்.

“அங்க எவன் வந்து ஏந்திரின்னு சொல்றான்? பெல்லு அடிப்பாங்க” என்றாள். “இதுல அந்தாளுக்கு ரத்தம் எடுத்துப் பாக்குற மாதிரி எங்கயும் வருமா? மீதிய அதுக்காகத்தான் படிக்கலாம்னு இருக்கேன்.”